ஒன்பது நாள் காய்ச்சலும் ஒரு கருப்புப் பொருக்கும்



போன மழைக்காலத்தில் நடந்த சங்கதி இது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தோழர் ஒருவர். முப்பத்தெட்டு வயது, வேலைக்குச் சளைக்காத ஆள். சங்க வேலையாக நான் அந்தப் பக்கம் போனபோது ஆளைக் காணவில்லை. மண்டோரைக் கேட்டால், "ஒரு வாரமா பெரட்டுக்கே வரலை. சம்பளம் வாங்குன கையோட படுத்துட்டாரு" என்று சிரிக்கிறார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்து கிடந்தது.

"எத்தனை நாளாச்சுப்பா?"

"இன்னியோட ஒம்பது நாள் அண்ணே. தலை ரெண்டாப் பிளக்குது."

அவர் மனைவி அழாத குறையாகச் சொன்னார்: "கிளினிக்குல ரெண்டு தடவை காட்டியாச்சு அண்ணே. டெங்கியான்னு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, இல்லைன்னுட்டாங்க. வெறும் காய்ச்சல்தான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. எங்கம்மா கோயில்லேருந்து திருநீறு கொண்டாந்து போட்டாங்க. எதுக்கும் கேக்கலையே!"

வண்டி பிடித்து டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்தவர் இளவயது டாக்டரம்மா. அவர் கேட்ட முதல் கேள்வி, 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்பதுதான். செம்பனை வேலை என்றதும் சட்டையைக் கழற்றச் சொன்னார். அக்குளைப் பார்த்தார். பிறகு கைலி கட்டும் இடுப்பைப் பார்த்தார். அங்கே இருந்தது, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. நம் தோழருக்கே அது தெரியாது. வலித்தால்தானே தெரியும்!

அன்று மாலையே மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள், "அண்ணே, கொஞ்சம் ரசம் சோறு கெடைக்குமா?" என்று கேட்டார்.

ஒன்பது நாள் ஆட்டி வைத்த நோய் இரண்டு நாளில் ஓடியது. அது என்ன நோய்? அந்த மருந்தின் கதை என்ன? நான் தோட்டப் பள்ளியில் படித்தவன், டாக்டர் அல்ல. ஆனால் விசாரித்துப் படித்துப் பார்த்ததில், அந்தக் கதையில் நம் கோலாலம்பூருக்கும் நம்மைப் போன்ற தோட்டத்துச் சனங்களுக்கும் பெரிய பங்கு இருப்பது தெரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இந்த நோய்க்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ஸ்க்ரப் டைபஸ். நாம் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லலாம். இது நாய் மேல் இருக்கும் உண்ணி அல்ல. லாலாங்கிலும் புதரிலும் இருக்கும் ஒரு பொடி உண்ணியின் குஞ்சு. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். எலிதான் அதற்குச் சாப்பாடு. செம்பனைப் பழம் இருக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமா? எலி இருந்தால் உண்ணியும் இருக்கும். வேலைக்குப் போகிற நாம் புல்லில் உரசினால் நம் மேலும் ஏறிக்கொள்ளும். உடுப்பு இறுக்கிப் பிடிக்கிற இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கடிக்கும்.

கடித்து ஏறக்குறைய பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். அதனால்தான் எங்கே பிடித்தது என்று யாருக்கும் தெரிவதில்லை. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், மூளை, சிறுநீரகம் என்று போய் ஆளையே கொன்றுவிடும்.

கோலாலம்பூர் ஆய்வுக்கூடம்

நம் நாட்டில் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் 1917-ல் கோல சிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் போடப்பட்டது. 1920களில் செம்பனைத் தோட்டங்களில் ஒரு மர்மக் காய்ச்சல் தலைகாட்டியது. மலேரியாவும் இல்லை, டைபாய்டும் இல்லை.

கோலாலம்பூரில் 1900-ல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைக் கையில் எடுத்தது. அங்கே வேலை செய்த டாக்டர் பிளெட்சரும் டாக்டர் லெஸ்லரும் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, இது ஒரு நோயல்ல, இரண்டு நோய் என்று கண்டார்கள். ஒன்று டவுன் கடைத்தெருக்களில் வருவது. மற்றது தோட்டக்காட்டில் வருவது. 1940-ல் டாக்டர் லூத்வெயிட்டும் டாக்டர் சவூரும், ஜப்பானியர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்த சுட்சுகாமுஷி காய்ச்சலும் நம் தோட்டக்காட்டுக் காய்ச்சலும் ஒன்றேதான் என்று உறுதியாகச் சொன்னார்கள்.

நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது. மருந்து? நம்பிக் கொடுக்க எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் சண்டை போட்ட பட்டாளத்துக்காரர்களையும் இந்தக் காய்ச்சல் வாட்டியது. பென்சிலின் ஊசி போட்டும் கேட்கவில்லை. ஏனென்றால் இந்தக் கிருமி நம் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்து கொள்ளும் சாதி.

1948-ல் நடந்த சோதனை

தென் அமெரிக்காவில் வெனிசுவேலா என்றொரு நாடு. அதன் தலைநகர் காரக்காஸ் பக்கத்து வயல் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1947-ல் புது மருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் குளோரம்பெனிகோல். ஆய்வுக்கூடத்தில் அது டைபஸ் கிருமியை அடக்கியது. மனிதனிடம் கேட்குமா? அதைப் பார்க்க நோய் இருக்கிற இடத்துக்கல்லவா வரவேண்டும்? அமெரிக்க இராணுவ மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் ஜோசப் ஸ்மேடல் ஒரு குழுவோடு 1948-ல் கோலாலம்பூருக்கு வந்தார். டாக்டர் லூத்வெயிட்டும் டாக்டர் சவூரும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள்.

சோதனை என்றால் என்ன? நமக்குத் தெரிந்ததை வைத்தே சொல்கிறேன். புது உரம் வந்தால் ஒரு நிரைக்குப் போட்டு, பக்கத்து நிரைக்குப் போடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் இல்லையா? அதே கணக்குத்தான். 25 நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்து பெறாத 12 பேரின் நிலைமையையும் எழுதி வைத்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்கு முதல் வேளையிலிருந்து சராசரி 31 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது. 25 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. மருந்து பெறாதவர்களுக்கோ காய்ச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தது.

இதில் இன்னொரு அதிசயமும் நடந்தது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அவர்களும் தேறினார்கள்! அதைப் பிடித்துக்கொண்டு 10 டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதே 1948-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். அன்றுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. எத்தனையோ நாட்டுப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பிழைத்ததற்கு வழி திறந்த இடம் நம் கோலாலம்பூர்.

ஆராய்ச்சிக் கட்டுரைகளில் டாக்டர்களின் பெயர் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து, கை நீட்டி இரத்தம் கொடுத்தவர்கள் பெயர் இல்லை. ஆனால் அந்த 25 பேரும் 12 பேரும் இல்லாமல் இந்த அறிவு இல்லை. இதை நாம் மறக்கக் கூடாது.

குளோரம்பெனிகோல் சிலருக்கு இரத்தம் ஊறுவதையே கெடுத்துவிடும் என்று பிற்பாடு தெரிய வந்தது. இன்று டாக்சிசைக்ளின் என்ற மாத்திரைதான் முதலில் கொடுப்பது. நம் தோழருக்குக் கொடுத்ததும் அதுவே. விலை கூடிய மருந்து அல்ல.

பாதிக்குப் பாதி!

இனி சொல்லப் போவதை நன்றாகக் கவனியுங்கள். நம் நாட்டின் கிராமப்புறத்தில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,629 பேரை ஆராய்ந்து 1984-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதில் ஆக அதிகமாகக் கண்ட நோய் மலேரியா அல்ல, உண்ணிக் காய்ச்சல்தான். மொத்தத்தில் 19.3 விழுக்காடு. செம்பனைத் தொழிலாளர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 46.8 விழுக்காடு! ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்!

அது அந்தக் காலத்துக் கணக்கு, உண்மை. ஆனால் உண்ணியும் எலியும் தோட்டத்தை விட்டுப் போய்விட்டதா? இன்று காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் டெங்கி ஞாபகம்தான் வருகிறது. டெங்கி இல்லை என்றால் 'வெறும் காய்ச்சல்' என்று அனுப்பிவிடுகிறார்கள். 1948-ல் கோலாலம்பூரில் கண்டுபிடித்த விஷயம், பக்கத்துத் தோட்டத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றால் என்ன நியாயம்?

நாம் செய்ய வேண்டியது

1. காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றால் கிளினிக்குக்குப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் தோட்டத்தில், புல்லில் வேலை செய்கிறவன்" என்று நீங்களே சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தை உயிரைக் காக்கும்.

2. இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எங்கும் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்கள் மார்புக்குக் கீழும் பார்க்க வேண்டும். வெட்கப்படாதீர்கள். பொருக்கு இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது. பலருக்குப் பொருக்கே வருவதில்லை.

3. கர்ப்பிணிகள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு வேறு மருந்து இருக்கிறது. யாரும் கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம். கொடுத்த நாள் முழுவதும் சாப்பிடுங்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தாதீர்கள்.

4. வேலைக்கு நீளக் கால்சட்டை போட்டு பூட்ஸுக்குள் சொருகுங்கள். சட்டையைக் கழற்றிப் புல் மேல் போடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் புல்லில் சாயாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள்.

"நாள் சம்பளம் போயிடுமே அண்ணே" என்று கேட்பீர்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்றிதழ் இருந்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். ஆனால் 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சொல்லாமல் நின்றதாக எழுதிவிடுவார்கள். நம் தோழருக்கு நடந்ததும் இதுதான். எம்.சி. கையில் இருந்தும், ஆபீசில் யாரும் கொண்டு போய்க் கொடுக்கவில்லை. அதற்காகத் தனியாகப் போராட வேண்டியதாயிற்று.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. டைபஸ் என்பது 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஒரு தோட்டத்தில் ஒருவருக்கு வந்தால் அந்த நிரையில் வேலை செய்த அத்தனை பேரையும் கவனிக்க வேண்டும். புல்லை வெட்டுங்கள், எலியைக் கட்டுப்படுத்துங்கள், பூட்ஸ் கொடுங்கள். இன்று நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் அவர்கள் மொழியில் இதைச் சொல்லுங்கள். உண்ணி பாஸ்போர்ட் பார்த்துக் கடிப்பதில்லை.

நம் தோழர் இப்போது பழையபடி குலை வெட்டுகிறார். போன வாரம் பார்த்தபோது இடுப்பைக் காட்டிச் சிரித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாலு நாளாக் காய்ச்சல்னாங்க அண்ணே. நானே சட்டையைக் கழட்டிப் பாத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

தோழர்களே, இந்தத் தாளைப் படித்து முடித்ததும், படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுப் பாட்டாளிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.