சாவி கொடுத்தால் ஓடும் கேமரா.. கென்னடி கொலை வழக்கில் கடிகாரமானது எப்படி?

1963 நவம்பர் 22. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் திறந்த காரில் சென்ற அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் காட்சியை ஆபிரகாம் ஜாப்ரூடர் என்ற ஆடைத் தயாரிப்பாளர் தனது 8 மி.மீ. பெல் அண்ட் ஹோவெல் கேமராவில் படம்பிடித்தார். மொத்தம் 486 ஃப்ரேம்கள். சத்தம் கிடையாது. அந்த கேமராவின் மோட்டாரே ஒரு ஸ்பிரிங்தான்!

எப்படி ஓடுகிறது?

பழைய சுவர்க்கடிகாரத்துக்கு சாவி கொடுக்கிற மாதிரிதான். சாவியைத் திருகினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இறுகும். பட்டனை அழுத்தினால் அது பிரிந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரு சின்ன கொக்கி பிலிமின் ஓரத் துளையில் மாட்டி, ஒவ்வொரு ஃப்ரேமாகக் கீழே இழுக்கும். பிலிம் நகரும்போது ஷட்டர் வெளிச்சத்தை மறைக்கும், நின்றதும் திறக்கும்.

வேகம் குறையாதா?

ஸ்பிரிங் தளரத் தளர அதன் இழுவிசை குறையும். அதைச் சமாளிக்க உள்ளே ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. வேகம் கூடினால் அதிலுள்ள எடைகள் வெளியே விரிந்து உராயும், அதுவே பிரேக். அதனால் வேகம் கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும்.

வழக்கில் என்ன சிக்கல்?

கேமராவுக்குக் குறிப்பிடப்பட்ட வேகம் நொடிக்கு 16 ஃப்ரேம். ஆனால் எஃப்.பி.ஐ. அதே கேமராவை ஓட்டிப் பார்த்தபோது சராசரி வேகம் 18.3 என்று தெரியவந்தது.

விசாரணை நடத்திய வாரன் கமிஷன், கென்னடி மீது முதல் குண்டு பாய்ந்தது 210 முதல் 225வது ஃப்ரேமுக்குள் என்றது. தலையில் குண்டு பாய்ந்தது 313வது ஃப்ரேமில். 18.3 வேகத்தில் இடைவெளி 4.8 முதல் 5.6 நொடி. 16 என்று கணக்கிட்டிருந்தால் அதுவே 5.5 முதல் 6.4 நொடி ஆகியிருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? கொலையில் பயன்படுத்தப்பட்ட துப்பாக்கியில் அடுத்தடுத்து இருமுறை சுட குறைந்தது 2.3 நொடி வேண்டும். அதாவது 42 ஃப்ரேம். ஆனால் கென்னடிக்கும், முன்னால் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலிக்கும் காயம் பட்டதற்கு இடையே அவ்வளவு ஃப்ரேம்கள் இல்லை. ஒரே குண்டு இருவரையும் துளைத்திருக்கலாம் என்ற முடிவுக்கு கமிஷன் வர இதுவும் ஒரு காரணம். அந்தச் சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

அந்த பிலிமுக்காக ஜாப்ரூடர் குடும்பத்துக்கு 1.6 கோடி டாலர் தர வேண்டும் என 1999இல் முடிவானது. சாவி கொடுத்து ஓட்டிய அந்த கேமரா இப்போது அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.