கணிப்பொறியின் குரல் கம்மினால்...

கேள்விச் செல்வத்தைப் போற்றிய வள்ளுவர், திருக்குறளில் 42-ஆம் அதிகாரத்தை அதற்கென்றே ஒதுக்கினார். அந்தச் செல்வம் இன்று பல வீடுகளுக்குக் கணிப்பொறியின் வழியாகவும் வந்து சேருகிறது. 2020-ஆம் ஆண்டு கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடமும் ஞாயிறு திருப்பலியும்கூட அவ்வழியே வந்தன. ஆனால் குரல் கரகரத்தால் என்ன பயன்? உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நம் வழக்கம். தோழியரே, ஓடுமுன் ஒலி நடந்து வரும் பாதையைச் சற்று அறிந்துகொள்வோமா?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. கணிப்பொறிக்கோ எண்களைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே ஒலியலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி வைக்கிறார்கள். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் இது வினாடிக்கு 44,100 முறை. நாம் பாட்டுக் கேட்கும்போது கணிப்பொறியினுள் இருக்கும் ஒரு சில்லு அந்த எண்களை மின்சார அலைகளாக மாற்றுகிறது. அவை கம்பி வழியே ஒலிபெருக்கிக்குச் சென்று காற்றை அதிரச் செய்கின்றன. இப்பாதையில் எங்கோ ஓரிடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

முதற்சோதனை எளியது. கணிப்பொறியிலேயே சேமித்து வைத்த ஒரு பாட்டைப் போடுங்கள். அது தெளிவாக ஒலித்து, இணையத்தில் வரும் பாடம் மட்டும் அறுந்தறுந்து வந்தால், குற்றம் பெரும்பாலும் இணைய இணைப்பில். சேமித்த பாட்டும் கரகரத்தால் வேறொரு இயர்போனை மாட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் குணமாயிற்று என்றே தெரியாது.

இயர்போன் செருகும் துளை செய்யும் குறும்புகள் சுவையானவை. முள் முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் நின்றால், சில பாட்டுகளில் பாடுபவரின் குரல் மட்டும் மறைந்து, வாத்தியங்கள் எங்கோ கிணற்றுக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும்! காரணம், பொதுக்கம்பி தொடாததால் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் உரிய ஒலிகளின் வித்தியாசம் மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. பாடுபவரின் குரல் இரண்டிலும் ஒரே அளவாக இருப்பதால் கழிந்துவிடுகிறது. கணக்குப் பாடத்தில் வரும் கழித்தலேதான். இதே துளையில் சிறு ஸ்விட்ச் ஒன்றும் உண்டு. இயர்போனை எடுத்த பிறகும் அது சிக்கிக்கொண்டால், இயர்போன் மாட்டியிருப்பதாக எண்ணிக் கணிப்பொறி வாயே திறக்காது.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் அக்கா பெற்ற கணினிக்கு இந்நோய் வந்தது. ஒரு கடையில் ‘மதர்போர்டையே மாற்ற வேண்டும்’ என்று சொல்லிவிட்டார்கள். அப்பா முள்ளை நாலைந்து முறை செருகி எடுத்தார். பேச ஆரம்பித்துவிட்டது.

‘ம்ம்ம்’ என்று விடாமல் ரீங்காரம் கேட்கிறதா? 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி வசிப்போர் அதைப் பட்டறை மோட்டார் சத்தம் என்றே நினைத்துவிடலாம். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. அந்த ஓசைதான் உள்ளே புகுந்துவிடுகிறது. மடிக்கணினியானால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அது மின்வழியே வந்தது. கணிப்பொறியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு பிளக்கில் இருந்தால், இரண்டின் எர்த் கம்பிகளுக்கும் இடையே இருக்கும் சிறு மின்னழுத்த வேறுபாடே போதும். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னையே உடைத்துவிடுகிறார்கள். ரீங்காரம் நிற்கலாம், ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் உலோகப் பெட்டி முழுவதும் மின்சாரம் பாய்ந்து, தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. ஒருபோதும் செய்யாதீர்கள். தொட்டால் விரல் சுருசுருக்கிறது என்றால் வீட்டில் எர்த் சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுவதே முறை. எர்த் குழியில் கரியும் உப்பும் இடுவது ஈரம் காப்பதற்காகத்தான். கோடையில் அது காய்ந்துவிடுவதால் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள்.

கம்பியில்லாத புளூடூத் ஹெட்போன் வேறு வகை. பாட்டு இனிமையாகக் கேட்கும். வகுப்பில் மைக்கைத் திறந்ததும் ஆசிரியையின் குரல் பழைய தொலைபேசிபோல் தேய்ந்துவிடும். பேசவும் கேட்கவும் ஒரே வழியைப் பங்கிடுவதால் ஒலியின் தரத்தைக் குறைத்துவிடுகிறது. பழைய தொலைபேசி முறையில் வினாடிக்கு 8,000 அளவுகளே. அதில் 4,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகள் வாரா. ‘ஸ்’, ‘ஃப்’ ஆகியவற்றை வேறுபடுத்தும் பகுதி பெரிதும் அதற்கு மேல்தான் உள்ளது. ஆங்கில டிக்டேஷனில் ‘செயில்’ எது, ‘ஃபெயில்’ எது என்று புரியாமல் போவதற்குச் செவியைக் குறை சொல்ல வேண்டாம். மைக்காகக் கணிப்பொறியில் உள்ளதையே தேர்ந்தெடுத்தால் ஹெட்போனின் குரல் திரும்பிவிடும்.

ஒலிச்சில்லை இயக்கும் மென்பொருளுக்கு ‘டிரைவர்’ என்று பெயர். (62-ஆம் நம்பர் பஸ்ஸை ஓட்டுபவர் அல்லர்!) அது குழம்பினால் கணிப்பொறியை அணைத்துப் போட்டாலே பலமுறை தெளியும். இல்லையேல் தயாரித்த நிறுவனத்தின் புதிய டிரைவரை நிறுவ வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கடைக்குத்தான் போக வேண்டுமென்றால், இயர்போனில் கேட்கிறதா, ஒலிபெருக்கியில் கேட்கிறதா, சார்ஜர் இல்லாமல் எப்படி இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.