சங்கிலியும் மீட்டரும்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே உள்ள சங்கராபுரம் வட்டாரத்தில் வயலின் பரப்பைக் கேட்டால், உழவர் ஏக்கரிலும் சென்ட்டிலும் சொல்வார். அவ்வயலின் பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். எல்லைக் கோடுகளைக் காட்டும் பழைய புலப்படமோ சங்கிலிக் கணக்கில் அமைந்திருக்கும். அங்கு வீடு கட்டப் பொறியாளர் வரைந்து தரும் படத்தில் அடியும் அங்குலமும் காணப்படும். இப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால்தான், எழுப்பும் சுவர் சொந்த நிலத்தில் நிற்குமா, அண்டை நிலத்தில் நிற்குமா என்பது தெரியவரும்.

நில அளவைச் சங்கிலியை 1620இல் வடிவமைத்தவர் எட்மண்ட் கண்டர் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். அதன் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். நில அளவர் 'லிங்க்' என்பது இக்கண்ணியையே. 66 விந்தையான எண்ணாகத் தோன்றலாம். ஆயினும், பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர் ஆவதால் பரப்பைக் கணக்கிடுவது எளிதாயிற்று. மெட்ரிக் முறை நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.

ஒரு கண்ணி 20.1168 செ.மீ. அதனை 20 எனச் சுருக்கிக்கொள்ளத் தோன்றுவது இயல்பே. பக்கத்திற்கு 500 கண்ணி உள்ள சதுர வயலைக் கருதுவோம். அதன் பரப்பு இரண்டரை ஏக்கர். சுருக்கிய கணக்கில் பக்கம் 100 மீட்டர்; உண்மையில் 100.584 மீட்டர். அரை மீட்டரைச் சற்றே கடந்த இவ்வேறுபாட்டால் பரப்பில் 117 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்று சென்ட் மறைந்துபோகும். ஒரு சிறு வீட்டிற்கு அது போதுமான மனை!

அடியை மீட்டராகக் கொண்டால் பிழை உடனே கண்ணில் படும். வீடு வயலையே விழுங்கிவிடும். ஏறத்தாழப் பொருந்தும் படங்களே ஏமாற்றுகின்றன. மைலுக்கு 16 அங்குலம் என்னும் பழைய கிராமப்பட அளவை 1:3960 ஆகும். அதனை 1:4000 அளவையில் அமைந்த படத்தின்மேல் வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். 200 மீட்டர் எல்லையிலோ இரண்டு மீட்டர் பிசகும்.

கணினியில் ஒரு படத்தை இழுத்துப் பெரிதாக்கி மற்றொன்றின்மேல் பொருத்துவது எளிது. அலகுப் பிழையும் அப்போதே மறைந்துவிடும். ஆகவே, இரு படங்களிலும் உள்ள இரண்டு எல்லைக்கற்களுக்கு இடைப்பட்ட தொலைவை முதலில் தனித்தனியே மீட்டராக்கி ஒப்பிடுவர். பின்னர் அதே தொலைவை வயலில் நாடா பிடித்து அளப்பர். மூன்றும் ஒத்துவந்த பின்னரே படங்களை இணைப்பர். மூன்றாவது எல்லைக்கல்லும் உரிய இடத்தில் விழுகிறதா என்று பார்த்த பிறகே கடைக்காலுக்குக் கயிறு கட்டுவர்.