இருவாச்சியின் பெயரால் ஒரு மலை விழா

பாரத தேசத்தின் கீழ்த்திசை எல்லையில், பர்மாவை ஒட்டி அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் மலைகளைத் தன் இருப்பிடமாகக் கொண்ட நாகாலாந்து, 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இந்தியாவின் 16-ஆவது மாநிலமாக உதயமாயிற்று. அந்த நன்னாளில் தொடங்கிப் பத்து நாட்கள், தலைநகரான கோஹிமாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிசாமா பாரம்பரிய கிராமத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் ஹார்ன்பில் திருவிழா, 2000-ஆம் ஆண்டில் மாநில அரசினால் ஆரம்பிக்கப்பட்டது. நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழ்கின்ற இருவாச்சிப் பறவையின் பெயரே விழாவுக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. குறுக்கே கரும்பட்டை ஓடும் அதன் வெண்ணிற வால் இறகு, நாக வீரர்களின் சிரசை அலங்கரித்த மரியாதைச் சின்னம். பறவையைக் காக்க வேண்டும் என்ற விவேகம் வளர்ந்துவிட்ட இக்காலத்தில், செயற்கை இறகுகளும் அந்த ஸ்தானத்தை ஏற்று வருகின்றன.

நாகர்களுள் குலங்கள் பல. ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனியே பாஷையும் உடையும் உற்சவமும் உண்டு. அங்காமி குலத்தார் பிப்ரவரியில் செக்ரென்யி கொண்டாடுவர்; ஆவோக்களின் மோவாட்சு, விதைப்பு முடிந்த மே மாதத்தில் வரும்; சுமிகளுக்கு ஜூலையில் துலுனி; லோதாக்களுக்கு அறுவடைக்குப் பின் நவம்பரில் தோக்கு எமோங். உழவின் பருவங்களோடு பிணைந்து ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் இவ்வுற்சவங்களின் ஆடலையும் பாடலையும் ஒரே மலைச்சரிவில் ஒருசேரக் காணும் பாக்கியத்தைத் தருவது கிசாமா. ஒரு காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் பகை மூண்டு, எதிரியின் தலையைக் கொய்து வருவதையே வீரமாகக் கருதிய ஜனங்களின் சந்ததியார், இன்று அடுத்தடுத்த குடில்களில் அடுப்பு மூட்டிச் சமைத்து, ஒருவர் நடனத்தை மற்றவர் கண்டு மகிழ்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, இவ்விழாவின் மகிமை நன்கு விளங்குகிறது.

வந்தவர்களில் அநேகர் நடுமைதானத்து நடனங்களையே சுற்றிச் சுற்றி வருவர். ஆனால் விழாவின் ஜீவன் சரிவெங்கும் நிற்கும் மொரூங்குகளில் இருக்கிறது. கிராமத்து இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, வேட்டையும் வேலைப்பாடும், பாட்டும் குலக் கதைகளும் பெரியோரிடம் பயின்ற பொது இல்லமே மொரூங். புலியும் இருவாச்சியும் செதுக்கிய தூண்களும், பெரிய மரத்தைக் குடைந்து ஊரே கூடி இழுத்து வந்து வைத்த முரசும் அதன் பெருமைகள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் வந்து, பள்ளிக்கூடமும் தேவாலயமும் பெருகியபின், பல ஊர்களில் அந்த ஸ்தாபனம் நலிந்தது. ஆயினும் கிசாமாவில் ஒவ்வொரு குலமும் தன் சம்பிரதாயப்படியே ஒரு மொரூங்கை எழுப்பியிருக்கிறது.

அதனுள்ளே நுழைந்தால் முதலில் எதிர்கொள்வது புகைதான். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண். அதில் பன்றி இறைச்சித் துண்டுகள் நாட்கணக்கில் புகையேறிக் கருத்து இறுகித் தொங்குகின்றன. பக்கத்திலேயே இலைப் பொட்டலங்களில் அக்குனி. சோயா மொச்சையைக் குழைய வேகவைத்து, நீரை வடித்து, இலையில் பொதிந்து, அடுப்பின் இளஞ்சூட்டில் சில நாட்கள் புளிக்க விடுகிறார்கள். பொட்டலத்தைப் பிரித்தால், கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டைப் போலத் தெருமுனை வரை அதன் வாசனை எட்டும். அந்த இறைச்சியும் அக்குனியும், இடித்துப் புளிக்கவைத்த மூங்கில் குருத்தும், உலகின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்றான ராஜா மிர்ச்சியும் சேர்ந்து கொதிக்கும் சாற்றில் எண்ணெய் அதிகமில்லை, மசாலாப் பொடிகளின் ஆடம்பரமும் இல்லை. புகையும் புளிப்பும் உறைப்புமே ருசி. சுடுசோற்றோடு, மூங்கில் குவளையில் அரிசி மதுவையும் தந்து உபசரிக்கிறார்கள்.

இன்னொரு மூலையில் ஒரு மூதாட்டி இடுப்புத் தறியில் நெய்துகொண்டிருக்கிறாள். பாவின் ஒரு முனை தூணில். மறுமுனை அவள் இடுப்பைச் சுற்றிய பட்டையில். அவள் பின்னே சாய்ந்தால் நூல் விறைக்கும், முன்னே வந்தால் தளரும். அவளுடைய சரீரமே தறியின் பாதி. அகலம் குறைந்த துண்டுகளாக நெய்து, பிறகு இணைத்துத் தைத்தால் சால்வை. ஆவோக்களின் த்சுங்கோதெப்சு சால்வையின் நடுவே ஓடும் வெள்ளைப் பட்டையில் யானை, புலி, மிதுன் மாடு, சேவல் முதலியவற்றைத் தீட்டுவார்கள். வீரச் செயலாலோ ஊருக்கு விருந்தளித்தோ தகுதி பெற்றவனே முற்காலத்தில் அதை அணியலாம்.

திமாப்பூர் வரை ரயிலும், அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் மலைப்பாதையும் யாத்திரைக்கு வழி. வெளிமாநிலத்தவர் உள்நுழைவு அனுமதிச் சீட்டு பெற்றாக வேண்டும். கோஹிமா வந்தவர்கள், 1944-இல் ஜப்பானியப் படைகளோடு நடந்த கடும்போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டத்தையும், வேட்டையைத் தானே விலக்கி 1998-இல் ட்ராகோபன் என்னும் காட்டுக்கோழி வகைக்கென்று சரணாலயம் அமைத்த கொனோமா கிராமத்தையும் தரிசிக்காமல் திரும்பலாகாது.

இத்தகைய விழாக்களில் பண்பாடு வெறும் வேடிக்கைப் பொருளாகிவிடும் அபாயம் உண்டென்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. படம் எடுத்துக்கொண்டு நகர்கிறவர்களே மிகுந்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே, செல்கிறவர்கள் அடுப்பருகே அமர்ந்து உண்ணட்டும். சால்வையை நெய்தவள் கையிலிருந்தே வாங்கட்டும். அதிலுள்ள உருவங்களுக்கு யாது பொருளென்று கேட்கட்டும். கேட்பவர் இருக்கும்வரை சொல்லும் பெரியோருக்கு உற்சாகம் குன்றாது. பக்கத்தில் நிற்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் செவியிலும் அது விழும். நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய உபகாரம் அதைவிடப் பெரிதொன்றில்லை.