கிணற்று நீருக்கு விலை என்ன?

வலிகாமத்துச் செம்மண் தோட்டமொன்றில் வெங்காயம் பயிரிடும் கமக்காரர் ஒருவருடைய கணக்கேட்டை எடுத்துப் பார்ப்போம். விதை வெங்காயம், பசளை, கிருமிநாசினி, கொத்துக்கூலி, களை பிடுங்கிய கூலி, நீர் இறைத்த வகையில் மண்ணெண்ணெய் அல்லது மின்சாரம் என ஒவ்வொரு செலவும் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். நீர் என்ற ஒரு வரி மட்டும் அதில் இராது. மண்ணெண்ணெய்ச் செலவே நீர்ச் செலவு என்று அவர் கூறுவார். அது நீரைக் கிணற்றிலிருந்து மேலே கொண்டுவரும் கூலியேயன்றி நீரின் விலையன்று. சந்தைக்கு மூட்டை ஏற்றிச் சென்ற வண்டிக்கூலியை வெங்காயத்தின் விலையென்று எவரும் கொள்வதில்லை. நீரின் வகையில் மாத்திரம் இந்தத் தடுமாற்றம் எல்லாரிடத்தும் உண்டு.

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. தண்ணீர் விலையேறிவிட்டது என்று தோட்டக்காரர் பேசிக்கொண்டனர். உண்மையில் ஏறியது இறைப்புக் கூலியே. அதற்கு முதல்நாளும் மறுநாளும் நீருக்கு விலை ஒன்றேதான், அது பூச்சியம்.

துலா மிதித்த காலத்திலும் நீருக்கு விலை இருக்கவில்லை. ஆனால் துலாவில் ஏறி நடக்க ஆள் வேண்டும்; பட்டை பிடிக்க ஆள் வேண்டும்; வாய்க்காலிற் பாத்தி மாற்றிவிட வேறோர் ஆள் வேண்டும். மனிதரின் உடல்வலுவே அங்கு எல்லையாக நின்றது. முன்னோர் சிக்கனத்தை அறிந்து குறைவாக இறைத்தனர் என்று புகழ்வது வழக்கம். அவர்களுக்கு அதற்கு மேல் இறைக்க இயலவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகும். 1950 களிலிருந்து நீர்ப்பம்பிகள் பரவியபோது அந்த எல்லை அகன்றது. அவ்விடத்தில் வேறோர் எல்லை வைக்கப்படவில்லை.

நிலத்தின் கீழ் உள்ள முதல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் ஓடும் வழுக்கியாறு ஒன்றே ஆறெனப் பெயர்பெற்றது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை பெய்கின்றது. அதன் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வந்து தீர்ந்துவிடும். செம்மண்ணூடாக இறங்கும் மழைநீர் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணக்கற் பாறையிற் சென்று தங்குகின்றது. அங்கே அதற்குக் கீழாகவும் பக்கங்களிலும் இருப்பது கடல்நீர். நன்னீர் பாரம் குறைந்ததாகையால் உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து கிடக்கின்றது.

இதன் கணக்கை ஒல்லாந்தரான பாடோன் கைபன் 1888 அளவிலும், ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே ஆராய்ந்து கூறினர். நாற்பது அடி உயரமுள்ள கடல்நீரின் பாரம், நாற்பத்தொரு அடி உயரமுள்ள நன்னீரின் பாரத்துக்கு ஏறக்குறையச் சமமாகும். ஆகவே கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமிடத்தில் அம்மட்டத்துக்குக் கீழே நாற்பதடி நன்னீர் இருக்கலாம். இதனை மறுபக்கமாகப் பார்த்தால் அச்சம் தோன்றும். மேலே நீர்மட்டம் நிரந்தரமாக ஓரடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி வரை ஏறிவர இடமுண்டு. வெடிப்புகள் மலிந்த எமது பாறையில் இக்கணக்கு எல்லா இடத்திலும் அச்சொட்டாகப் பொருந்தாதெனினும், போகும் திசை இதுவே. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதை நாம் யாவரும் அறிவோம்.

இதே சுண்ணக்கல்லைக் காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை வெட்டியெடுத்துச் சீமெந்தாக்கி, அந்தர் கணக்கிலும் தொன் கணக்கிலும் விலை வைத்து விற்றார்கள். கல்லுக்கு விலை கிடைத்தது. கல்லுக்குள் இருந்த நீருக்கு விலை கிடைக்கவில்லை.

இறைப்பவர் ஒருவர், இழப்பவர் பலர்

ஒருவர் தமது தேவைக்கு மேல் ஒரு மணிநேரம் பம்பியை ஓடவிட்டால் அவருக்கு உண்டாகும் செலவு ஒரு மணிநேர எரிபொருள். நீர்மட்டம் தாழ்வதால் உண்டாகும் நட்டமோ அயற்கிணறுகள் அனைத்திலும் பகிர்ந்து விழுகின்றது. அவருடைய பங்குக்கு வருவது மிகச் சிறிது. ஆதலின் தம் கணக்கின்படி அவர் செய்வது சரியே. ஊரின் கணக்கின்படி பிழை. ஒருவர் செய்யும் தொழிலின் செலவு பிறர் தலையில் விழும்போது, அதற்கு ஈடான வரியை அவர்மேல் விதிக்கவேண்டும் என்று ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகூ 1920 இல் எழுதிய நூலிலே காட்டினார். கொள்கையளவில் அது நன்று. ஆனால் வளவுதோறும் கிணறுள்ள ஒரு நாட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மானி பூட்டி வரி அறவிட எந்த அரசாங்கத்தாலும் இயலாது. இயன்றாலும் அறவீட்டுச் செலவு வரியிலும் மேலாகும்.

எமது பழைய உறுதிகளைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு வழி தென்படும். காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கும். பங்குக்காரர் முறைவைத்து இறைத்தனர். ஒருவருடைய முறையில் மற்றவர் இறைப்பது வழக்குக்குரிய விடயமாயிற்று. அதாவது நீருக்குப் பணவிலை வைக்காமலே அளவு வைத்திருந்தனர். பொதுவளங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே விதிமுறை செய்து காக்கமுடியும் என்பதைப் பல நாடுகளின் சான்றுகொண்டு விளக்கிய அமெரிக்க அறிஞர் எலினோர் ஒஸ்ட்ரம், 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஆயினும் முறை வைத்தது ஒரு கிணற்றின் பங்குக்காரருக்கிடையில் மட்டுமே. கிணறுகள் யாவும் கீழே ஒரே நீரிற் கூடுகின்றன என்பதைப் பழைய வழக்கமும் கருதவில்லை.

மாற்று நீரின் செலவு

சந்தையில் விலையில்லாத பொருளுக்குப் பெறுமதி காணப் பொருளியலார் கையாளும் வழிகளில் ஒன்று, அப்பொருள் இல்லாதுபோனால் அதற்கு ஈடாக வேறொன்றைப் பெற எவ்வளவு செலவாகும் என்று பார்ப்பது. குடாநாட்டுக்கு இப்போது இக்கணக்கு ஏட்டுக்கணக்கன்று. இரணைமடுக் குளத்து நீரைக் குடிநீராகக் கொண்டுவரும் திட்டத்துக்குக் கிளிநொச்சிக் கமக்காரர் உடன்படவில்லை. அவர்களுடைய வயலுக்கும் அந்நீரே உயிராகையால் அதனைக் குறைகூற இடமில்லை. பின்னர், வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு, 2024 ஆகஸ்டிலே திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரத்தக்கதாக அது அமைக்கப்பட்டது.

இத்தொகை பெரிதாகத் தோன்றும். தோட்டக்காரருடைய அளவுகோலால் அளந்து பார்க்க. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல ஆழத்துக்கு நீர் நிற்கவேண்டுமாயின் ஏறக்குறைய 22,600 கலன், அதாவது 103 கனமீற்றர் வேண்டும். எனவே அந்த நிலையத்தின் ஒருநாள் உற்பத்தி முழுவதையும் பாய்ச்சினாலும் ஓரங்குல ஆழத்துக்கு நனைவது 233 ஏக்கர் மாத்திரமே.

மின்சாரக் கணக்கு இன்னும் தெளிவானது. இக்காலத்து முறைப்படி ஒரு கனமீற்றர் கடல்நீரை நன்னீராக்க மூன்று அல்லது நான்கு அலகு மின்சாரம் செலவாகும். ஓர் ஏக்கருக்கு ஓரங்குலம் என்றால் 300 முதல் 400 அலகு வரை. அதே நீரை 25 அடி ஆழமுள்ள கிணற்றிலிருந்து இறைக்க, மோட்டரின் திறன்குறைவையும் சேர்த்துப் பார்த்தாலும், பத்து அலகு வேண்டியதில்லை. இந்த வேறுபாடே சுண்ணக்கற் பாறை ஆண்டுதோறும் எமக்கு இலவசமாகச் செய்துதரும் வேலையின் அளவு.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கடல்நீரை மாற்றிய நீரால் வெங்காயம் பயிரிட எவரும் முன்வரார். நீர் அவ்வளவு விலையானால் பயிரை விட்டுவிடுவர். ஆகவே குடிநீரின் பெறுமதியை மாற்றுச் செலவு நன்கு காட்டும். தோட்ட நீரின் பெறுமதியை அது மிகைப்படுத்திவிடும். தோட்ட நீருக்கு வேறு அளவை கொள்ளவேண்டும்: நல்ல நீருள்ள பத்துப் பரப்பில் எல்லாச் செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு, அதே பத்துப் பரப்பில் மழையை நம்பிப் பயிரிட்டால் மிஞ்சுவது எவ்வளவு? இரண்டுக்குமுள்ள வித்தியாசமே நீரின் பெறுமதி. காணி வாங்குவோர் இக்கணக்கை எழுதாமலே போடுகின்றனர். நல்ல தண்ணீர்க் காணிக்கும் உவர்க்காணிக்கும் ஒரே விலை சொல்பவர் இல்லை.

பசளையும் கிணறும்

இலங்கையில் 1962 தொடக்கம் பசளைக்கு மானியம் கொடுக்கப்பட்டு வந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்க அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் மலிவான பொருளை அளந்து போடுவோர் சிலரே. பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மெல்லிய செம்மண்ணினூடாக நீரோடு இறங்கிக் கிணற்றையே அடைகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்டால் புட்டிப்பால் பருகும் கைக்குழந்தைகளின் இரத்தம் உயிர்வாயுவைத் தாங்கிச் செல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தால் நீர் சுத்தமாகும் என்ற எண்ணம் இங்கு உதவாது. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் நைத்திரேற்று செறிவு கூடும்.

மானியம் கொடுத்த காலத்தில் கிணற்றின் நட்டம் பசளைப் பையின் விலையிற் சேரவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி முற்றாகத் தடுக்கப்பட்டபோது விளைச்சலின் நட்டம் கணக்கிற் சேரவில்லை. அத்தடை அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. இரண்டு கொள்கைகளும் அளவுகோல் இன்றி எடுக்கப்பட்டவை என்பதே எமது கருத்து. சிபாரிசு செய்யப்பட்ட அளவை ஒரே முறையிற் கொட்டாது பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்திடுவதாலும், பசளையிட்ட பின் அளவுக்கு மீறி நீர் பாய்ச்சாதிருப்பதாலும் பசளைச் செலவும் குறையும், கிணறும் தப்பும்.

கிணற்றுக்கு விலை வைக்கவேண்டிய நிலை நீதிமன்றத்துக்கும் வந்தது. சுன்னாகத்து மின்நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய அடிப்படை உரிமை வழக்கில், மாசுபடுத்தியவரே செலவைத் தாங்கவேண்டும் என்ற நியாயத்தை ஏற்று, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ணெய் ஓரிடத்திலிருந்து வந்தது. ஆதலால் பொறுப்பாளியைச் சுட்டமுடிந்தது. நைத்திரேற்றோ ஆயிரம் தோட்டங்களிலிருந்து வருகின்றது. அதற்கு வழக்கு வைக்க எதிராளி இல்லை.

செய்யத்தக்கவை

தூறல் முறையாலும் சொட்டுநீர் முறையாலும் நீர் மீதமாகும் என்பர். வாய்க்காலிற் பாய்ச்சிய மிகைநீரின் ஒரு பகுதி எப்படியும் பாறைக்கே திரும்புகின்றமையால், மீதமாகும் நீர் நினைப்பதிலும் குறைவே. ஆனால் மீதமாகும் எரிபொருளும், கீழே கழுவிச் செல்லாது நிற்கும் பசளையும் மெய்யான இலாபம்.

மாசியிலும் ஆவணியிலும் கயிறு விட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, திகதியோடு கணக்கேட்டிற் குறித்துவைக்க. ஐந்தாறு ஆண்டு அவ்வாறு குறித்தால், தாம் வட்டியை எடுக்கின்றாரா முதலை எடுக்கின்றாரா என்பதைக் கமக்காரர் தாமே காண்பார். குடிக்கும் நீரை உவருக்கும் நைத்திரேற்றுக்கும் பரிசோதிப்பித்தலும் அவசியம்.

ஊர்க்குளங்களின் பெறுமதி காணியின் பெறுமதியாக மட்டும் கணிக்கப்படுவதால் அவை தூர்ந்தும், நிரப்பப்பட்டும், கட்டடம் எழும்பியும் வருகின்றன. ஓர் ஏக்கர்க் குளத்தில் மூன்றடி நீர் ஒருமுறை நின்று இறங்கினால் எட்டு இலட்சம் கலனுக்கு மேற்பட்ட நீர் பாறையைச் சேரும். ஒரு மாரியிலேயே சில குளங்கள் பலமுறை நிரம்பி இறங்குவதுண்டு. ஆவணியில் குளம் வற்றியிருக்கும்போதே தூர்வாருதல் வேண்டும். புரட்டாதி கடந்தால் மழை முந்திவிடும். வாரிய வண்டலைக் கரையிலே குவித்தால் முதல் மழையோடு அது குளத்துக்கே திரும்பும். ஊரார் பங்கிட்டு எடுத்துத் தோட்டத்தில் இடுவதே நன்று.