எத்தனை குதிரைத்திறன் டிராக்டர் வேண்டும்? வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

திண்டுக்கல் சமவெளியில் உழவு மழை ஒன்று நன்றாகப் பெய்து விட்டால், மறுநாள் காலை எல்லோரும் தேடுவது டிராக்டரைத்தான். செம்மண் காட்டில் உழவுக்கு ஏற்ற பதம் மூன்று அல்லது நான்கு நாள்தான் நிற்கும். அதற்குள் வாடகை டிராக்டர் கிடைக்காமல் பதம் தவறிப் போனவர்கள், "நமக்கென்று ஒரு வண்டி இருந்தால் என்ன?" என்று எண்ணுவது இயற்கை. அப்படி எண்ணிக் கம்பெனிக்குப் போனால், அங்கே 15 குதிரைத்திறனிலிருந்து 50 வரை வரிசையாக நிற்கின்றன. இதில் எது நமக்கு ஏற்றது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும். பணம் கட்டிய பிறகு யோசித்துப் பயனில்லை.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரிச் சாகுபடி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய நிலத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் வைத்திருக்கும் பெரிய டிராக்டரைப் பார்த்து நாமும் வாங்கினால், நிலம் டிராக்டருக்கு உழைக்க வேண்டி வரும்.

பதம் எத்தனை நாள், நிலம் எத்தனை ஏக்கர்?

முதலில் பார்க்க வேண்டியது, பதம் நிற்கும் நாட்களுக்குள் நம் நிலத்தை உழுது முடிக்க எவ்வளவு பெரிய வண்டி வேண்டும் என்பதே. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கலப்பையின் அகலத்தை வண்டியின் வேகத்தால் பெருக்கி, வரப்போரம் திரும்புவதற்காக நூற்றுக்கு முப்பது கழித்து விட வேண்டும்.

18 குதிரைத்திறன் உள்ள சிறிய டிராக்டர், ஐந்து கொத்துக் கலப்பையுடன் சுமார் மூன்றரை அடி அகலம் உழும். மணிக்கு 4 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டினால், கழிவு போக மணிக்கு 3,000 சதுர மீட்டர் உழவாகும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஆகவே ஏக்கருக்கு ஒரு மணி இருபது நிமிடம் பிடிக்கும். 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்பது கொத்துக் கலப்பையுடன் இரண்டு மீட்டர் அகலத்தை மணிக்கு 5 கிலோ மீட்டர் வேகத்தில் உழுதால், அதே ஏக்கர் 35 நிமிடத்தில் முடியும். ஆனால் 30 சென்ட், 40 சென்ட் துண்டுகளில் பெரிய வண்டி உழுவதை விடத் திரும்புவதே அதிகம்.

இந்தக் கணக்குப்படி ஐந்து ஏக்கர் தோட்டத்தைச் சிறிய டிராக்டர் ஏழு மணி நேரத்தில், அதாவது ஒரே நாளில் முடித்து விடும். பத்து ஏக்கருக்கு இரண்டு நாள் போதும். இருபது ஏக்கர் என்றால் மூன்றரை நாள் ஆகி, பதம் கைநழுவத் தொடங்கும். எனவே பத்து, பன்னிரண்டு ஏக்கர் வரை உள்ளவர்களுக்குப் பதத்தில் உழுது முடிக்க 18 முதல் 24 குதிரைத்திறன் தாராளமாகப் போதும்.

பயிரின் இடைவெளியைப் பாருங்கள்

நிலத்தின் அளவுக்கு அடுத்தபடியாகப் பயிர். சிறிய டிராக்டரின் அகலம் மூன்று முதல் மூன்றரை அடி. 45 குதிரைத்திறன் வண்டியின் அகலம் ஆறு அடியை ஒட்டி வரும்.

தென்னைக்கு 25 அடி இடைவெளி இருப்பதால் எந்த வண்டியும் நுழையும். நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் வரிசை அகலம் போதுமானது என்றாலும், தாழ்ந்த கிளைகள் பெரிய வண்டியில் மோதி ஒடியும். செடிமுருங்கையை இரண்டரை மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். கிளை பரப்பிய பிறகு அதனிடையே சிறிய டிராக்டர்தான் போக முடியும். சிறுமலை அடிவாரத்துத் திராட்சைத் தோட்டங்களில் அகலத்தோடு பந்தலின் உயரத்தையும் அளந்து கொள்ள வேண்டும். புகைக்குழாய் மேல் நோக்கி நிற்கும் வண்டி பந்தலுக்கு ஆகாது. குழாய் கீழ்ப்பக்கம் உள்ள மாடலைக் கேட்டு வாங்க வேண்டும்.

நிலக்கோட்டைப் பகுதியில் குண்டுமல்லி 1.25 மீட்டர் இடைவெளியில் நடப்படுகிறது. சின்ன வெங்காயத்துக்குப் பார் இடைவெளி 45 சென்டிமீட்டர்தான். இவற்றில் களையெடுக்க எந்த டிராக்டரும் உதவாது. மல்லிகைக்குப் பவர் வீடரும், வெங்காயத்துக்குக் கைக்களையுமே பொருத்தம். மல்லிகை மட்டுமே வைத்திருப்பவர் டிராக்டர் எண்ணத்தையே விட்டு விடலாம்.

"அகல உழுவதினும் ஆழ உழு"

பழமொழி சரிதான். ஆனால் ஆழ உழவு ஆண்டு முழுவதும் செய்யும் வேலையன்று. அடிமண் இறுகிய நிலத்தில் உளிக்கலப்பை கொண்டு ஒன்றரை அடி ஆழம் உழுவது மூன்று ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டியது. இதற்கும் சட்டிக் கலப்பைக்கும் 35 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். இந்த இரண்டொரு நாள் வேலைக்காகவே பெரிய டிராக்டர் வாங்குவது, ஒரு கல்யாணத்துக்காக வீட்டையே மண்டபமாகக் கட்டுவது போலாகும். கனமான வேலைக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். அடிக்கடி வரும் இலேசான வேலைக்கு வேண்டிய அளவே சொந்த வண்டி இருக்கட்டும்.

எடையையும் மறக்கக் கூடாது. 45 குதிரைத்திறன் டிராக்டர் சுமார் இரண்டு டன் எடை. சிறியது 700, 800 கிலோ அளவில் இருக்கும். ஈரம் அதிகமுள்ள நிலத்தில் கனத்த வண்டி திரும்பத் திரும்ப ஓடினால் அடிமண் இறுகி, வேர் இறங்காது. அதே சமயம் இலேசான வண்டியின் சக்கரம் ஈரத்தில் வழுக்கும். நெல் வயல் உள்ளவர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலையும், சேற்றுழவுக்குக் கேஜ் வீலையும் சேர்த்துக் கேட்பது நலம்.

விளம்பரத்தில் காணும் குதிரைத்திறன் என்ஜினுடையது. ரொட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதில் ஏறத்தாழ நூற்றுக்கு 85 பங்கு. 18 என்று எழுதியிருந்தால் கைக்கு வருவது 15தான். அதற்கு மூன்றடி ரொட்டவேட்டர் போதும். நான்கடி வேண்டுமானால் 24 குதிரைத்திறனை ஒட்டிய வண்டி தேவை.

ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் வேலை?

வாங்குவதா, வாடகையே மேலா என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்கே. கீழ்க்கண்ட தொகைகள் உதாரணத்துக்காக மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கணக்கிட்டுக் கொள்ளவும்.

வண்டியும் கருவிகளும் சேர்ந்து ரூ.5 லட்சம் என்றும், பத்தாண்டு கழித்து ரூ.1 லட்சத்துக்கு விற்கும் என்றும் கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு ரூ.40,000. சராசரி முதலீடு ரூ.3 லட்சத்துக்கு 10 சதவீத வட்டி ரூ.30,000. இன்சூரன்சு, பராமரிப்பு ரூ.10,000. ஆக, வண்டி கொட்டகையில் சும்மா நின்றாலும் ஆண்டுக்கு ரூ.80,000 செலவு. ஓட்டும்போது டீசல், ஆயிலுக்கு மணிக்கு ரூ.250 ஆகும். சிறிய டிராக்டர் வாடகை மணிக்கு ரூ.700 என்றால், சொந்த வண்டியில் மணிக்கு ரூ.450 மிச்சம். ரூ.80,000 ஈடாக வேண்டுமானால் வண்டி ஆண்டுக்கு சுமார் 180 மணி நேரம் ஓட வேண்டும்.

ஐந்து ஏக்கர்காரரின் வேலை எவ்வளவு? மூன்று ஏக்கரில் இரண்டு போகம், போகத்துக்கு மூன்று உழவு என்றால் 24 மணி. இரண்டு ஏக்கர் தென்னையில் ஆறு முறை இடை உழவுக்கு 16 மணி. எருவும் விளைச்சலும் ஏற்ற 30 மணி. மொத்தம் 70 மணிதான். ரூ.2 லட்சம் மானியம் கிடைத்தாலும் ஈடாக 110 மணி வேண்டும். ஆகவே ஐந்து ஏக்கர்காரர் தனியாக வாங்கினால் தவணை நிலத்தைக் கடிக்கும். அண்ணன் தம்பி, பங்காளி என இருவர் சேர்ந்து ஒரே வண்டி வாங்கி, மீதி நேரத்தில் பக்கத்துத் தோட்டங்களில் வாடகைக்கு உழுதால் கட்டுபடியாகும். யாருக்கு எந்த நாள், பழுதுச் செலவு யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக் கொள்வது பின்னால் மனத்தாங்கல் வராமல் காக்கும்.

பாரமும் பாதுகாப்பும்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லவும் இதே வண்டியைப் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுப்பதை விட நிறுத்துவதுதான் கடினம். இலேசான டிராக்டர் கனத்த டிரெய்லரை இறக்கத்தில் தடுத்து நிறுத்த முடியாமல் போகும். மேட்டில் முன்சக்கரம் தூக்கும். கம்பெனி குறித்துள்ள பாரத்துக்கு மேல் ஏற்றவே கூடாது.

நம் பகுதியில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறுகள் ஏராளம். கிணற்றோரம் கடைசிச் சாலை டிராக்டரால் உழாமல் விட்டு விடுங்கள். அந்தக் கால் சென்ட் நிலம் ஓர் உயிருக்கு ஈடாகாது.

வாங்கும் முன்

அரசு மானியத் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகிறது. முதலில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். முன்பணம் கொடுத்து விட்டு மானியத்துக்கு அலைய வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டுள்ளதால், பழைய விலைப்பட்டியலை நம்பாதீர்கள்.

வண்டியைக் கம்பெனி வாசலில் ஓட்டிப் பார்த்தால் போதாது. உங்கள் தோட்டத்துக்கே கொண்டு வரச் சொல்லி, உங்கள் மண்ணில், கலப்பையைப் பூட்டி உழுது காட்டச் சொல்லுங்கள். உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் பக்கத்து ஊரில் உண்டா என்று, அதே வண்டியை மூன்று வருடம் ஓட்டியவரிடம் கேளுங்கள்.

கணக்குப் போட்ட பிறகு வாங்க வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவே. வேளாண்மைப் பொறியியல் துறையின் டிராக்டர்களை உழவன் செயலி மூலமோ, திண்டுக்கல்லில் உள்ள அலுவலகத்தை அணுகியோ வாடகைக்குப் பதிவு செய்யலாம். மழைக்குப் பின் ஓடாமல், மழைக்கு முன்பே பதிவு செய்து வைப்பவர்கள் பதம் தவறாமல் உழுது பயனடையலாம்.