ஐந்நூறு சைக்கிள் தர முடியுமா?

நம் ஊர்ச் சாலைகளில் நெடுங்காலமாக ஓடும் பழைய மாதிரி சைக்கிளின் சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40, ஆக 72 ஆரக்கம்பிகள் இருக்கும். சைக்கிள் கடைக்காரர் இவற்றை ஸ்போக்ஸ் என்பார்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்தே நாட்களில் 500 சைக்கிள் வேண்டும் என்று ஒரு தொழிற்சாலையைக் கேட்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். முடியும் என்று வாக்குக் கொடுக்கலாமா? இத்தகைய கேள்விக்கு இன்று கணிப்பொறி விடை தருகிறது. அது போடும் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி, பாகங்கள் உள்ளனவா என்பது. மற்றப் பாகங்கள் எல்லாம் போதிய அளவு இருப்பதாகக் கொள்வோம். கம்பிகள் 500 × 72 = 36,000 தேவை. கிடங்கில் இருப்பவை 30,000. ஆனால் அவற்றுள் 7,200 கம்பிகள் உதிரிபாகமாக ஒரு கடைக்கு அனுப்ப முன்பே ஒதுக்கப்பட்டவை. எஞ்சுபவை 22,800. இவை 316 சைக்கிளுக்குத்தான் போதும். கண்ணுக்குத் தெரியும் இருப்பு வேறு, எடுத்துக்கொள்ளக்கூடிய இருப்பு வேறு.

வேதியியலிலும் இதே நிலைதான். 10 ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் 3 ஆக்சிஜன் மூலக்கூறுகளும் இருந்தால், 6 நீர் மூலக்கூறுகளே உண்டாகும். எது குறைவோ அதுவே எல்லையை வகுக்கிறது.

இரண்டாவது கேள்வி, செய்து முடிக்கத் திறன் உண்டா என்பது. கம்பி கோத்த சக்கரத்தை நேராகச் சுழலும்படி பெண்டு எடுக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு 6 நிமிடம் ஆகிறது. இரண்டு பேர் நாள்தோறும் 8 மணி நேரம் இவ்வேலையைச் செய்தால் 160 சக்கரங்கள், அதாவது 80 சைக்கிள்களுக்கு உரியவை முடியும். ஐந்து நாட்களில் 400 சைக்கிள்தான். கிடங்கில் கம்பிகளை மலையாகக் குவித்தாலும் இந்த எண் கூடாது.

மூன்றாவது கேள்வி, பாகங்கள் எப்போது வரும் என்பது. கையிருப்புக் கம்பிகள் வியாழனன்று 76 சைக்கிளோடு தீர்ந்துவிடும். புதிய கம்பிகள் புதன்கிழமைக்குள் வந்தால் 400 சைக்கிளும் முடியும். வியாழன் இரவு வந்தால் 396தான். நான்கு சைக்கிளுக்கான நேரம் வீணாகிவிட்டது. கம்பியைச் சேமித்து வைக்கலாம். கடந்துபோன வேலை நேரத்தைச் சேமிக்க முடியாது.

ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஓர்லிக்கி 1975-இல் இம்முறையை விளக்கி நூல் எழுதினார். எத்தனை சைக்கிள் விற்கும் என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தனை சைக்கிளுக்கு எத்தனை கம்பி என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே விடலாம் என்பது அவர் கருத்து. தொடக்க கால நிரல்கள் பாகங்களை மட்டுமே சரிபார்த்தன. இயந்திரத்துக்கும் ஆளுக்கும் எல்லை உண்டு என்பதைப் பார்க்கவில்லை. பின்னரே திறன் கணக்கும் சேர்க்கப்பட்டது.

ஒரு சிறு பாகம் எவ்வளவு பெரிய தடையாகும் என்பதை 2021-இல் உலகம் கண்டது. குறைக்கடத்திச் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 வண்டிகள் பல, மற்ற வேலைகள் முடிந்தும், சில்லுகளுக்காகத் திறந்தவெளியில் காத்து நின்றன.

கணிப்பொறி தானாக எதையும் அறியாது. கிடங்குக்காரர் எண்ணிக்கையைத் தவறாகப் பதிந்தால், வாக்கும் பொய்த்துப் போகும். நம் தொழிற்சாலை நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை இதுதான்: புதனுக்குள் கம்பி வந்தால் இந்த வாரம் 400, மீதி 100 அடுத்த செவ்வாய்க்குள்.

பெண்டு எடுக்க மூன்றாவதாக ஓர் ஆளைச் சேர்த்தால் ஐந்து நாட்களில் 500 சைக்கிளும் முடியுமா? அதற்குக் கம்பிகள் எத்தனை, எந்த நாளுக்குள் வர வேண்டும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.